‘ஒரே குத்துதான்’ என்று ஊரெல்லாம் சொன்னேன்

அம்மாவுக்கு 64 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். நாலு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம், கிரேடு 3 என்றார்கள். கீழே உட்கார்ந்தால் எழ முடியாது, பஸ் படி ஏற ஒரு கை வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷன் என்று வாயெடுத்தாலே போதும், அதைச் செய்துகொண்டு காலை மடக்க முடியாமல் கிடக்கும் பக்கத்துத் தெருப் பெரியம்மாவின் கதையை ஆரம்பித்துவிடுவார்.

போன வருடம் ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாததால் எங்கள் பகுதிக் கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. அங்கே ‘மூட்டுவலி இலவச முகாம்’ போட்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தனியார் வலி சிகிச்சை மையம். பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. கத்தி இல்லை, தையல் இல்லை, நடந்து வந்து நடந்தே போகலாம் என்று பேனர். டாக்டர் நாலு நிமிடம் பார்த்தார். அதற்குப் பிறகு யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் அரை மணி நேரம் பேசினார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன சிகிச்சை ‘ரேடியோ ஃப்ரீக்வன்சி’. முழங்காலிலிருந்து வலியை மூளைக்குக் கொண்டுபோகும் சின்ன நரம்புகளை ஊசி முனையில் சூடாக்கிச் செயலிழக்கச் செய்வது. டேப்லெட்டில் வீடியோவும் காட்டினார். இரண்டு காலுக்கும் சேர்த்து 65,000 ரூபாய், அன்றே முன்பணம் கட்டினால் 58,000. ஆடித் தள்ளுபடி துணிக்கடையில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பத்தாயிரம் கட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கோவைக்குக் கூட்டிப் போனேன். ஆங்கிலத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடம் இருக்கும். “எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டேன். “காலுக்கு ஒரே குத்துதான் சாமி, எறும்பு கடிச்ச மாதிரி” என்றார்.

இரண்டாம் நாளே வலி பாதியாகிவிட்டது. மருதமலைக்குப் போய் வந்தோம், அம்மா பாதிப் படிக்கட்டு ஏறினார். சொந்தக்காரர், கம்பெனி ஆட்கள், வீட்டு வாசலில் பூ விற்கும் அக்கா வரைக்கும் சொன்னேன்: “ஒரே குத்துதான், அவ்வளவுதான்.” என் பேச்சை நம்பி இரண்டு பேர் அங்கே போனார்கள். அந்த உறுத்தல்தான் இதை எழுதவைத்தது.

அந்த வாரமே ஒன்று கவனித்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் எப்போதும் 130, 140 காட்டும் மீட்டர் அன்று 342 காட்டியது. மையத்துக்குப் போன் போட்டேன். “சிகிச்சை பயத்துல ஏறியிருக்கும் சார், விருந்து எதாவது சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார்கள். சாப்பிட்டது ராகிக் களி. ஐந்தாறு நாளில் தானாக இறங்கியது, நானும் விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம் வலி பழையபடி முழுசாக வந்து உட்கார்ந்தது. திரும்பக் கேட்டதற்கு, “சிலருக்கு ரெண்டாவது சிட்டிங் தேவைப்படும், உங்களுக்குப் பாதி ரேட்” என்றார்கள்.

என் மைத்துனனோடு படித்தவர் ஒருவர் மயக்கவியல் டாக்டர், வலி சிகிச்சையும் செய்கிறவர். அவரிடம் அம்மாவைக் கூட்டிப் போனேன். அவர் ஸ்கேன், எக்ஸ்ரே எதையும் முதலில் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் பேசினார்.

“எத்தனை இடத்துல குத்துனாங்கம்மா?”

“ஒரு காலுக்கு ஒண்ணுங்க.”

“தொடையிலயோ கெண்டைக்கால்லயோ அகலமா ஒரு பேடு ஒட்டுனாங்களா?”

“இல்லீங்களே.”

“உள்ள சுருக்குனு இருக்கா, மதமதன்னு இருக்கா, வழக்கமா வலிக்கிற இடத்துலயே தெரியுதான்னு கேட்டாங்களா?”

“யாரும் ஒண்ணும் கேக்கலீங்க. டிவி மாதிரி ஒரு மெஷின் நின்னுச்சு. அது ஓடவே இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். “சுகர் ஏறுச்சா?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முழங்காலுக்கு இந்தச் சிகிச்சை செய்யும்போது வழக்கமாகக் குறிவைப்பது மூன்று நரம்புகளை: மூட்டுக்கு மேலே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, கீழே உள்பக்கம் ஒன்று. கீழே வெளிப்பக்கத்தைப் பொதுவாகத் தொடமாட்டார்கள், ஏனென்றால் பாதத்தை மேலே தூக்க உதவும் நரம்பு அதன் அருகில் ஓடுகிறது. ஆக ஒரு காலுக்கு மூன்று இடம், இரண்டு காலுக்கு ஆறு. சி-ஆர்ம் எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்துத்தான் ஊசியை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு 50 ஹெர்ட்ஸில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, வலிக்கிற இடத்தில் உணர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். பிறகு 2 ஹெர்ட்ஸில் கொடுத்து, கால் வெட்டி இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். இழுத்தால் அசைவுக்கான நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், ஊசியை நகர்த்த வேண்டும். நோயாளி பதில் சொல்லும் அளவுக்கு விழித்திருக்க வேண்டியது இதற்காகத்தான். அப்புறம்தான் சூடு. சாதாரண முறையில் சுமார் 80 டிகிரி செல்சியஸ், ஓர் இடத்துக்கு ஒன்றரை நிமிடம் போல. மின்சாரம் உடம்பு வழியாகத் திரும்பிப் போகத்தான் அந்தப் பேடு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு இடத்தையும் ஒவ்வொன்றாகச் செய்தால் சூடாக்கும் நேரமே ஒன்பது நிமிடம். ஊசியை நிறுத்துவது, சோதிப்பது, மரக்க மருந்து போடுவது எல்லாம் தனி. அம்மா உள்ளே போய் வந்ததே பன்னிரண்டு நிமிடம்.

அதோடு, நேராக இதைச் செய்துவிடவும் மாட்டார்கள். முதலில் ஒருநாள் அதே நரம்புகளின் அருகில் மரக்க மருந்து மட்டும் போட்டு, அது வேலை செய்யும் சில மணி நேரம் நடக்கவைத்து, வலி குறைந்தது பாதியாவது தணிகிறதா என்று பார்ப்பார்கள். தணிந்தால் மட்டும்தான் அடுத்த கட்டம். எங்களுக்கு அந்தச் சோதனை என்ற பேச்சே இல்லை.

“போட்டது ஸ்டீராய்டா இருக்கும்” என்றார் டாக்டர். மூட்டுக்குள் போடும் அந்த ஊசி தப்பான மருந்து இல்லை, பலருக்குச் சில வாரம் நிம்மதி தரும். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும், முன்கூட்டியே சொல்லி மாத்திரை அளவைக் கவனிக்க வேண்டும். மருந்துக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

சந்தேகத்தை ஊர்ஜிதப்படுத்த கேஸ் ஷீட் நகல் கேட்டேன். டிஸ்சார்ஜ் தாளில் ‘இரு முழங்கால்களிலும் இன்டர்வென்ஷன் செய்யப்பட்டது’ என்று மட்டும்தான் இருந்தது. ஃபைல் ஆடிட்டில் இருக்கிறது என்று இழுத்தார்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு, அம்மா கையெழுத்தோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ஒன்பதாவது நாள் வந்தது. ஒப்புதல் படிவத்திலும் பில்லிலும் ரேடியோ ஃப்ரீக்வன்சி. நர்ஸ் எழுதிய மருந்துத் தாளில் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், காலுக்கு ஒன்று வீதம். எத்தனை டிகிரி, எத்தனை விநாடி என்று ஒரு வரி கிடையாது. சி-ஆர்ம் படம் ஒன்றுகூட இல்லை. பாவம் அந்த நர்ஸ், உண்மையை எழுதியிருக்கிறார்.

மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்தார்: “டிரீட்மெண்டுக்கெல்லாம் ரீஃபண்ட் கிடையாது சார்.” காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இதுவரை இரண்டு வாய்தா ஆகியிருக்கிறது.

இந்தச் சிகிச்சையே மோசடி என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை வலி குறைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நரம்பு திரும்ப வளரும், வலியும் திரும்பலாம், தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். ‘நிரந்தரத் தீர்வு’ என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சி நடக்கிறது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்குவது, காலை நீட்டித் தூக்கிப் பிடிப்பது. நாலு கிலோ எடை குறைந்திருக்கிறார். வலி போகவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. அடுத்தது என்ன என்று அந்த டாக்டரே மெதுவாகப் பார்க்கலாம் என்கிறார்.

மறுபடியும் ஆடி வந்துவிட்டது. அதே மண்டபத்தில் அதே முகாம். போன ஞாயிறு காய் வாங்கப் போன அம்மா, மஞ்சப்பையோடு உள்ளே நுழைந்து, டோக்கன் கொடுத்த பெண்ணிடம் கேட்டிருக்கிறார்: “முட்டிக்கு எத்தன எடத்துல குத்துவீங்க கண்ணு?”

“ஒரே இடம்தான் பாட்டி, வலிக்கவே வலிக்காது” என்றதாம் அந்தப் பிள்ளை.