கிரேட் பேரியர் ரீஃப்: பகல் படகா, படகிலேயே தங்குவதா?

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸில் இருந்து கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டுத் தொடருக்கு ஸ்கூபா (காற்று உருளையோடு நீருக்கடியில் நீந்துவது) போக இரண்டு வழிகள் உண்டு. காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் பகல் படகு ஒன்று. சில நாட்கள் படகிலேயே தங்கும் லிவ்அபோர்ட் இன்னொன்று.

பகல் படகில் வெளிப் பவளத்திட்டை அடையவே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இரண்டு டைவ், மிஞ்சினால் மூன்று. ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவரும் பயிற்சியாளரோடு இறங்கலாம், டைவ் செய்யாதவர்கள் ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாயோடு நீர்ப்பரப்பிலேயே நீந்துவது) போடலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுவே சரி.

லிவ்அபோர்டில் இரவு டைவும் சேர்ந்து ஒரு நாளில் நான்கு கூட கிடைக்கும். ஆனால் எண்ணிக்கையை விட, அது கொண்டுபோகும் இடங்கள்தான் பெரிது. வடக்கே ரிப்பன் ரீஃப்களில் காட் ஹோல் என்ற இடம் இருக்கிறது. ஆளுயரம் வளரும் பொட்டேட்டோ காட் மீன்கள் அங்கே கூச்சமில்லாமல் பக்கத்தில் வரும். ஜூன், ஜூலையில் குள்ள மிங்கி திமிங்கிலங்களும் அந்தப் பக்கம் வரும். இன்னும் தள்ளி, பவளக்கடலில் ஆஸ்ப்ரே ரீஃப்: செங்குத்தாக இறங்கும் பவளச் சுவர்கள், சுற்றிலும் சுறாக்கள், அவ்வளவு தெளிந்த நீர்! பகல் படகுக்கு இதெல்லாம் எட்டாத தூரம்.

செலவு கூடுதல்தான், திறந்த கடலில் குமட்டலும் வரலாம். இருந்தாலும் சான்றிதழும் கொஞ்சம் அனுபவமும் இருந்தால் லிவ்அபோர்டையே எடுங்கள். அப்புறம், பல டைவ்களுக்குப் பின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.