அமான் டோக்கியோ: காகிதக் கூரையும் கருங்கல் தொட்டியும்

டோக்கியோவின் ஓத்தேமாச்சி, வங்கிகளும் தலைமை அலுவலகங்களும் நெருக்கியடிக்கும் பகுதி. அங்குள்ள 38 மாடி ஓத்தேமாச்சி டவரின் மேல் ஆறு மாடிகளில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்டது அமான் டோக்கியோ ஹோட்டல். வடிவமைப்பு கெரி ஹில் ஆர்க்கிடெக்ட்ஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம். ஆறு மாடி இருந்தும் அறைகள் 84தான்.

ஏன் என்பது 33ஆவது மாடியில் லிஃப்ட் திறந்ததுமே புரிந்துவிடும். லாபியின் கூரை ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அறை கட்டி வாடகை பார்த்திருக்கக்கூடிய இடத்தை அப்படியே வெற்றிடமாக விட்டிருக்கிறார்கள். இந்த ஹோட்டலின் அமைதி இந்தத் தாராளத்தில்தான் தொடங்குகிறது. அலங்காரம் அதற்கு அப்புறம்தான். கீழே ஒரு நீர்ப்பரப்பு, பருவத்துக்கு ஏற்ப மாறும் இகேபானா மலர் அமைப்பு, கல் தோட்டங்கள், அவ்வளவே.

கூரையில் மரச்சட்டங்களும் வாஷி எனப்படும் ஜப்பானியப் பாரம்பரியக் காகிதமும். உள்ளே நிற்பவருக்கு ஒரு பெரிய காகித விளக்கின் வயிற்றுக்குள் நிற்பதுபோல் இருக்கும். வாஷியின் நீண்ட நார்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கண்ணில் கூச்சம் படுவதில்லை. இதைப் பார்த்து வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் முயல்பவர்கள் எல்இடி பட்டையைக் காகிதத்தை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்து காரியம் கெட்டுவிடுகிறது. இரண்டு எல்இடிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, குறைந்தது அதே அளவாவது காகிதம் தள்ளி இருக்க வேண்டும். விளக்கின் ஒளி நிறம் 2700 கெல்வினை, அதாவது இளமஞ்சள் வெளிச்சத்தை, தாண்டினால் மர நிறம் வெளிறிவிடும்.

மிகச் சிறிய அறையே 71 சதுர மீட்டர், அதாவது சுமார் 764 சதுர அடி. வெளிர் மரம், கருங்கல், காகிதம் என்று மூன்றே பொருள்களில் முடித்திருக்கிறார்கள். நான்காவதாகப் பளபளக்கும் ஒன்று நுழையாததுதான் இதன் கட்டுப்பாடு. உயர மாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு: இரவில் அறை விளக்கு கூடினால் சன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகி, ஊர் மறைந்துபோகும். அதனால்தான் இப்படிப்பட்ட அறைகளில் விளக்குகளைத் தாழ்வாக, மங்கலாக, ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைக்கும்படி வைக்க வேண்டும்.

ஃபுரோ எனப்படும் ஆழமான குளியல் தொட்டிதான் அறையின் உயிர். ஜப்பானிய வழக்கப்படி வெளியே சோப்புப் போட்டுக் குளித்து முடித்த பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். தோள் வரை வெந்நீரில் அமிழ்ந்திருக்கத்தான் இவ்வளவு ஆழம். குறையும் இங்கேதான். உயரமான விளிம்பைக் கால் தூக்கித் தாண்டி இறங்குவது முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம். கருங்கல் தொட்டியை வீட்டுக்கு விரும்புவோர் தண்ணீரையும் யோசிக்க வேண்டும். டோக்கியோ தண்ணீர் மென்மையானது. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் என்றால் ஒரே மாதத்தில் கருங்கல்லில் வெள்ளைப் படலம் பூத்துவிடும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் கல்லின் மெருகும் போய்விடும்.

ஸ்பா பகுதியின் 30 மீட்டர் நீச்சல் குளமும் இதே கருங்கல் பாணியில்தான். தங்கக் கட்டுப்படியாகாதவர்கள் லாபியை ஒட்டிய லவுஞ்சில் மாலைத் தேநீருக்கு முன்பதிவு செய்யலாம். குளிர்காலத்தில் வானம் தெளிந்த நாளாகப் பார்த்து, சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்: ஜப்பான் பேரரசரின் அரண்மனைத் தோட்டம், ஃபுஜி மலை, கூரை வெளிச்சம் மூன்றையும் அந்த நேரத்தில் சேர்த்துப் பார்க்கலாம்.