ஈரிழைத் துண்டு, இணையக் கடை, கையில் நிற்கும் காசு

"கமிஷன் எவ்வளவு பிடிக்கிறார்கள்?" இணையத்தில் விற்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. "ஒரு பார்சல் வீடு போய்ச் சேர எவ்வளவு ஆகிறது? அதே பார்சல் திரும்பி வந்தால் எவ்வளவு ஆகிறது?" என்பதுதான் முதல் கேள்வி. கொரோனா ஊரடங்குக் காலத்தில் ஈரோட்டிலிருந்து இரண்டு பெரிய விற்பனைத் தளங்களில் ஈரிழைத் துண்டு விற்கத் தொடங்கினேன், இன்றும் விற்கிறேன். இடையில் போர்வை, இலவம்பஞ்சுத் தலையணை என்று வேறு சரக்குகளையும் போட்டுப் பார்த்ததுண்டு. சிறு வியாபாரிக்கு இதில் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதை என் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

கமிஷனைப் பொறுத்தவரை அண்மையில் காற்று நம் பக்கம் வீசுகிறது. மீஷோ 2021-லேயே கமிஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழுள்ள பல வகைப் பொருள்களுக்குக் கமிஷனை எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் 1000 ரூபாய்க்குக் கீழுள்ள பொருள்களுக்கு அதையே அறிவித்தது. செய்தியைப் படித்த என் சித்தி மகன், "இனி உனக்கு எல்லாம் இலாபம்தான் அக்கா" என்றான். அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது.

இரண்டு துண்டு சேர்ந்த ஒரு செட், விலை 299 ரூபாய். இதில் 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். வரியைக் கழித்தால் எனக்கு உரியது 284 ரூபாய் 76 காசு. விசைத்தறிக்காரரிடம் துண்டு ஒன்று 70 ரூபாய், இரண்டுக்கு 140. கவர், லேபிள், டேப்புக்கு 8. ஆர்டர் ஒன்றுக்குத் தளம் பிடிக்கும் நிலையான கட்டணம் 20. வெளிமாநிலப் பார்சலுக்கு ஷிப்பிங் 70. எல்லாம் போக நிற்பது 47 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எட்டு சதவீதக் கமிஷன் இருந்த நாளில் இன்னும் 24 ரூபாய் போகும். அது சின்னத் தொகையல்ல, மறுக்கவில்லை. ஆனால் கமிஷன் விலையோடு ஏறி இறங்குவது. பொருள் மலிவென்றால் அதுவும் குறையும். நிலையான கட்டணமும் ஷிப்பிங்கும் சேர்ந்த அந்த 90 ரூபாய்க்கு அப்படி எந்த இரக்கமும் கிடையாது. நூறு ரூபாய்ப் பொருளை அனுப்பினாலும் அதே 90தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பழமொழி சொன்னவர் ஏதோ ஒரு காலத்தில் கூரியரில் சரக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அந்த 47 ரூபாயும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. தளம் பிடிக்கும் 90 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 16 ரூபாய் 20 காசு. "அதை உள்ளீட்டு வரியாக, அதாவது விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில், கழித்துக்கொள்ளலாம், செலவில்லை" என்று எல்லோரும் சொல்வார்கள். சட்டப்படி சரி. எதில் கழிப்பது? துண்டை விற்றதற்கு நான் கட்ட வேண்டிய வரி 14 ரூபாய் 24 காசு. துண்டை வாங்கும்போதே 7 ரூபாய் வரி கட்டியிருக்கிறேன். மீதி 7 ரூபாய் 24 காசில் 16 ரூபாயை எப்படிக் கழிப்பது? ஒவ்வொரு விற்பனைக்கும் ஏறத்தாழ 9 ரூபாய் ஜிஎஸ்டி கணக்கில் வரவாகச் சேர்ந்துகொண்டே போகிறது. பார்க்க அழகாக இருக்கும், எடுக்க முடியாது. வாங்குவதும் விற்பதும் ஒரே 5 சதவீதத்தில் என்பதால் எனக்கு ரீஃபண்ட் வழி இல்லை. விற்பனை வரியைவிட வாங்கும் வரி அதிகமுள்ள உற்பத்தியாளர்கள்கூட மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத்தான் திரும்பக் கேட்கலாம், சேவைக்குக் கட்டியதைக் கேட்க முடியாது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த விதியை உறுதி செய்துவிட்டது. தளத்துக்கு வெளியே நேரடியாக விற்கும் சரக்கின் வரியில் கொஞ்சம் கழிகிறது, அவ்வளவுதான். ஆக, இரண்டு துண்டு செட்டில் கையில் நிற்பது 38 ரூபாய். இதை எனக்கு முதலில் விளக்கியவர் எங்கள் ஆடிட்டர். தளத்தின் இலாபக் கணக்குப் பக்கத்தில் இது எங்கேயும் தெரியாது.

ஆனால் நம் விற்பனைத் தொகையிலிருந்து தளம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ், டிடிஎஸ் என்ற இரண்டு வரிப் பிடித்தங்களையும் கண்டு யாரும் மிரள வேண்டாம். ஜிஎஸ்டி டிசிஎஸ் 2018 அக்டோபரில் 1 சதவீதமாக வந்தது, 2024 ஜூலையில் அரை சதவீதமாகக் குறைந்தது. வருமான வரி டிடிஎஸ் 2020 அக்டோபரில் 1 சதவீதமாகத் தொடங்கி, 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம். இரண்டும் நம் பெயரில் வரவாகி, உரிய நேரத்தில் கணக்கைக் காட்டினால் திரும்பி வரும் பணம்.

ஜிஎஸ்டி பதிவே இல்லாமல் விற்கலாமா என்றால், 2023 அக்டோபர் 1 முதல் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் அப்படி விற்க வழி திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆழம் பார்க்க நினைப்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் கட்டணத்துக்கான 18 சதவீதம் அப்போது சுத்தமான செலவு. என் ஆர்டர்களில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் டெல்லிக்கும் போகிறது. அவற்றை விட்டால் எனக்கு வியாபாரமே இல்லை.

எடை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈரிழைத் துண்டு ஒன்று சுமார் 175 கிராம். இரண்டும் கவரும் சேர்ந்து 370 கிராம், ஷிப்பிங் கூலியின் அரைக் கிலோ எடைப்படிக்குள் அடங்கிவிடும். மூன்று துண்டு கவர் இல்லாமலே 525 கிராம். அந்த 25 கிராமுக்காக ஒரு கிலோ படிக்கு ஏறி, ஷிப்பிங் 70-லிருந்து 95 ஆகிவிடும். ஏறியாயிற்று என்றால் நான்காவது துண்டு கூலியில்லாமல் பயணம் செய்யும். எனவே மூன்று துண்டு செட் என் கடையில் இல்லை. இரண்டு அல்லது நான்கு. கடைத்தெருவில் ஒருவர் மூன்று கேட்டால் மூன்று எடுத்துக் கொடுப்போம். இங்கே எத்தனை விற்பது என்பதைத் தராசுதான் சொல்கிறது.

தலையணையில் வேறு கதை. சென்னிமலைப் போர்வையோடு இலவம்பஞ்சுத் தலையணையையும் சேர்த்துப் போட்டால் ஓடும் என்று என் கணவர் சொன்னார். ஓடியது. தலையணை ஒன்றேகால் கிலோகூட இல்லை. ஆனால் பெரிய, இலேசான பார்சல்களுக்குக் கொள்ளளவு எடை என்று ஒன்று போடுவார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது. 40, 60, 15 என்று பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. ஏழு கிலோவுக்கு மேல் கூலி கொடுத்துப் பஞ்சு அனுப்ப நான் என்ன பருத்தி ஆலையா வைத்திருக்கிறேன்? தலையணையை அன்றோடு எடுத்துவிட்டோம்.

அடுத்தது ரிட்டர்ன். பணம் கையில் கொடுத்து வாங்கும் ஆர்டரில் ஆள் வீட்டில் இல்லாமலோ மனம் மாறியோ திரும்புவது ஒரு வகை. என் தளங்களில் அதற்குப் போகும் கூலியைப் பிடிப்பதில்லை. கவரும் நேரமும் வீண், சரக்கு இரண்டு மூன்று வாரம் லாரியில் சுற்றிவிட்டு வரும். வாங்கிப் பிரித்துவிட்டுத் திருப்புவது இன்னொரு வகை, அதுதான் வலிக்கும். போன கூலி 70, திரும்பும் கூலி 80, கவர் 8, மொத்தம் 158 ரூபாய். நான்கு செட் ஒழுங்காக விற்றுச் சேர்த்த 38 ரூபாய்கள் ஒரே நாளில் காணாமற்போகும். துண்டுக்கு ரிட்டர்ன் குறைவு என்பது நான் கண்டது. ஒரே அளவு, போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. திருப்பூரில் டி-ஷர்ட் விற்கும் தோழியின் பாடு இதைவிட மோசம். அவர் வீட்டுக் கூடத்தில் போகும் மூட்டைக்கும் வரும் மூட்டைக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒருமுறை திரும்பி வந்த கவருக்குள் எங்கள் துண்டே இல்லை. பலமுறை வெளுத்து, ஓரம் நைந்து, ஏதோ விடுதியின் பெயர் பாதி அழிந்திருந்த ஒரு பழைய துண்டு இருந்தது. தளத்தில் புகார் கொடுத்தேன். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ எங்கே என்றார்கள். பிரித்தபின் எடுத்த படங்கள் செல்லாது என்று மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு முக்காலியில் செல்பேசியைப் பொருத்தி, ஒவ்வொரு ரிட்டர்னையும் லேபிள் தெரிய வீடியோ எடுத்துத்தான் பிரிக்கிறோம். புகார்களில் பாதிக்கு இப்போது ஈடு கிடைக்கிறது. அந்த நேரத்துக்குக் கூலி யார் தருவது என்று கேட்காதீர்கள்.

விளம்பரம் பற்றிச் சுருக்கமாக. ஒரு கிளிக்குக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் வந்து பார்த்தால் ஒருவர் வாங்குகிறார். ஒரு விற்பனைக்கு 36 ரூபாய். 38-ல் 36 போனால் மிச்சம் இரண்டு ரூபாய், அதற்கு ஒரு தேநீர்கூடக் கிடைக்காது. இரண்டு துண்டு செட்டுக்கு விளம்பரம் கொடுப்பதை நிறுத்தியபோது ஆர்டர் குறைந்தது, வங்கிக் கணக்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எனக்கு அதுவே விடை.

நான்கு துண்டு செட்டுக்கு வருவோம். விலை 579. வரி போக 551. சரக்கு 280, கவர் 12, நிலையான கட்டணம் 25, ஷிப்பிங் 95. மீதி 139, கணக்கில் தேங்கும் வரியைக் கழித்தால் 131. விளம்பரத்துக்கு 36 கொடுத்தாலும் 95 நிற்கிறது. எங்கள் வீட்டில் இந்த வியாபாரம் இன்னும் நடக்கிறதென்றால் அது இந்த ஒரு செட்டால்தான். அதே துண்டு, அதே தறி, அதே தளம்.

இந்தக் கணக்குகள் எதிலும் எங்கள் உழைப்பு சேரவில்லை. நானும் நாத்தனாரும் மாலையில் உட்கார்ந்து மடித்து, லேபிள் ஒட்டி, கூரியர் தம்பி வருவதற்குள் அடுக்கி வைக்கிறோம். இருவருக்கும் நாள் கூலி போட்டால் மிஞ்சுவதை இலாபம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலிருந்தபடி கிடைக்கும் சம்பளம் என்றால் பொருந்தும். ஒருநாள் தறிக்காரரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "அம்மிணி, தறி ஓட்டுகிற எனக்குத் துண்டுக்கு நான்கைந்து ரூபாய்தான் நிற்கிறது. நூல் விலை ஏறினால் அதுவும் இல்லை" என்றார். அதற்குமேல் புலம்ப வாய் வரவில்லை. அவருக்கு வாராவாரம் பணம் வேண்டும். தளமோ பார்சல் சேர்ந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் தரும். அந்த இடைவெளிக்குக் கைமுதல் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

தளத்துக்கு வெளியே கிடைப்பதையும் சொல்லியாக வேண்டும். பார்சலுக்குள் விளம்பரச் சீட்டு வைக்கத் தளங்கள் அனுமதிப்பதில்லை. ஆனால் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி, பொட்டலம் போடுபவரின் முகவரியும் புகாருக்கான தொலைபேசி எண்ணும் உறையில் இருந்தே ஆக வேண்டும். அந்த எண்ணுக்குப் புகார் சொல்ல அழைப்பவர்களைவிட, "இதே துண்டு இன்னும் பத்து வேண்டும்" என்று அழைப்பவர்கள் அதிகம். வாட்ஸ்அப்பில் ஆர்டர், யுபிஐயில் முன்பணம், தமிழ்நாட்டுக்குள் கூரியர் 50, 60 ரூபாய், அதையும் அவர்களே தருகிறார்கள். ரிட்டர்ன் என்ற பேச்சே இல்லை. தளத்தில் நான் கொடுக்கும் கட்டணத்தில் பாதியை இந்த அழைப்புகளுக்கான செலவாகத்தான் எழுதிக்கொள்கிறேன். முன்பின் தெரியாத நாக்பூர் வீட்டுக்கு ஈரோட்டுத் துண்டைக் கொண்டுசேர்க்க எனக்கு வேறு வழி ஏது? கட்டணத்தை ஏமாற்று என்று திட்டுபவர்களோடு என்னால் சேர முடியாததற்கு இதுதான் காரணம். 300 ரூபாய்க்குக் குறைந்த ஒற்றைப் பொருளை மட்டும் நம்பி வருபவர்களிடம் மட்டும், வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறேன்.

இப்போது பண்டிகைத் தள்ளுபடி விற்பனைக்கு அழைப்பு வந்து கிடக்கிறது. குறைந்தது 10 சதவீதம் குறைக்க வேண்டும், குறைப்பது நம் கையிலிருந்து. இரண்டு துண்டு செட்டை 269-க்குக் கொடுத்தால் நிற்பது 8 ரூபாய். நான்கு துண்டு செட்டை 521-க்குக் கொடுத்தால் 73. முன்னதைச் சேர்க்கவில்லை. பின்னதை மட்டும் சேர்த்துவிட்டு, தறிக்காரரிடம் வெள்ளையிலும் காவிக்கரையிலும் கூடுதல் சரக்குச் சொல்லியிருக்கிறேன்.