லிமிடெட் கம்பெனி: வாங்கலாமா? ஒரு மதிப்புரை

நவீன காலத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு லிமிடெட் கம்பெனிதான், முக்கியத்துவத்தில் நீராவியும் மின்சாரமும்கூட அதற்கு அடுத்துதான் என்று 1911-இல் பேசினார் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் நிக்கோலஸ் மரே பட்லர். ஒரு சட்ட ஏற்பாட்டுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. இன்றும் தொழில் தொடங்குகிறவர் முதலில் வாங்கும் சரக்கு இதுதான். பலர் என்ன வாங்குகிறோம் என்று பார்க்காமலே வாங்குகிறார்கள். சரக்கு நல்ல சரக்குதான். விளம்பரத்தில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவே.

பதிவுச் சான்றிதழோடு கைக்கு வருபவை ஐந்து. கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். பங்கு எடுத்தவரின் நஷ்டம் அந்தப் பங்கின் தொகையோடு நின்றுவிடும். பங்கைக் கைமாற்றலாம். பங்குதாரர் இறந்தாலும் கம்பெனி நடக்கும். ஐந்தாவதை யாரும் கவனிப்பதில்லை: போட்ட முதலை நினைத்தபோது திரும்பக் கேட்க முடியாது. பொருளாதார வளர்ச்சிக்கு இது செய்த உதவியில் பெரும்பங்கு இந்த ஐந்தாவதில்தான் இருக்கிறது.

பழைய மாடல்களைப் பார்த்தால் காரணம் புரியும். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வெனிஸ், ஜெனோவா வணிகர்கள் பயன்படுத்தியது கொமெண்டா ஒப்பந்தம். ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் சரக்கோடு கப்பலேறுவார். முழு முதலும் முதலீட்டாளருடையது என்றால் லாபத்தில் முக்கால் பங்கு அவருக்கு, பயணம் போனவருக்குக் கால். முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பயணம் போகிறவரும் போட்டிருந்தால் லாபம் பாதிப் பாதி. கப்பல் மூழ்கினால் முதலீட்டாளருக்குப் போட்ட பணம் மட்டும் போகும். கையில் காசில்லாத, ஆனால் கடல் தெரிந்த இளைஞர்கள் வணிகராக வளர இது வழிவிட்டது. பழைய செல்வந்தர்களுக்கு அது உறுத்தியது. 1297-இல் வெனிஸை ஆண்ட பெருமன்றத்தின் கதவுகள் புதிய குடும்பங்களுக்கு அடைக்கப்பட்டன. நாளடைவில் லாபமான கடல் வணிகமும் ஒரு சில குடும்பங்களின் கைக்குள் போய்விட்டது. தொழில்முனைவின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடப்பதுதான். ஏணியில் ஏறியவர்களே ஏணியை எடுத்துவிடுவார்கள்.

கொமெண்டாவின் குறை, ஒரு பயணம் முடிந்ததும் கணக்கும் முடிந்துவிடும். கோட்டை கட்ட, கிடங்கு வைக்க, பத்து வருடம் காத்திருக்க அது ஆகாது. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் குறையைச் சரிசெய்தது. ஏறத்தாழ 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) முதல் திரண்டது. ஆம்ஸ்டர்டாம் கிளையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். பத்து வருடம் கழித்துக் கணக்கு முடித்து, விரும்பியவர் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சாசனத்தில் இருந்தது. 1612 வந்தபோது அந்த வழி அடைக்கப்பட்டது. வெளியேற வேண்டுமா, பங்கை இன்னொருவருக்கு விற்றுக்கொள் என்றார்கள். பங்குச் சந்தைக்கு வேலை வந்தது இப்படித்தான். ஐந்தாவது அம்சம் பிறந்ததும் இங்கேதான்.

இனி விளம்பரத்தில் பொய்க்கும் பகுதி. 1720-இல் பிரிட்டனின் தென்கடல் கம்பெனியின் பங்கு வருடத் தொடக்கத்தில் சுமார் 130 பவுண்டிலிருந்து கோடையில் 1,000 பவுண்டு வரை ஏறி, அதே வருடத்தில் தலைகுப்புற விழுந்தது. அதே ஆண்டில் வந்த குமிழிச் சட்டம், அரச சாசனமோ நாடாளுமன்றச் சட்டமோ இல்லாமல் பங்குக் கம்பெனி நடத்தக் கூடாது என்று சொன்னது. 1825 வரை அது அமலில் இருந்தது. பிரிட்டனின் தொழிற்புரட்சி முளைத்து வளர்ந்தது சரியாக அந்தத் தடைக் காலத்தில்தான். நீராவி இயந்திரம் செய்து விற்ற மேத்யூ போல்ட்டனும் ஜேம்ஸ் வாட்டும் 1775-இல் சேர்ந்தது சாதாரணக் கூட்டாளிகளாக. நஷ்டம் வந்தால் இருவரின் சொந்தச் சொத்தும் போகும். பருத்தி ஆலைகளும் பெரும்பாலும் குடும்பம், கூட்டாளி, லாபத்தை மறுபடி ஆலையிலேயே போடுவது என்றுதான் ஓடின. ஆகவே நீராவி இதற்கு அடுத்துதான் என்ற பட்லரின் வரிசை செல்லாது. நீராவி லிமிடெட் இல்லாமலே வந்துவிட்டது.

லிமிடெட் இல்லாமல் முடியாமல் போனது, ஒரு குடும்பத்தின் பணப்பெட்டிக்குள் அடங்காத வேலை. லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் பாதைக்கு 1826-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாதைக்கும் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. 1844-இல் பதிவு முறை வந்தது, 1855-இல் வரையறுத்த பொறுப்பு, அதாவது நஷ்டம் பங்குத் தொகையோடு நிற்கும் சலுகை வந்தது, 1856-இல் ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் கம்பெனி என்றானது. அரசின் தயவில் கிடைத்த சலுகை, படிவம் நிரப்பினால் கிடைக்கும் சேவையாக மாறியது. வளர்ச்சிக்கு உதவியது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இந்த மாற்றம்தான்.

பொறுப்புக்கு வரம்பில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1878-இல் விழுந்த கிளாஸ்கோ நகர வங்கி. 100 பவுண்டுப் பங்கு வைத்திருந்தவர் மொத்தம் 2,750 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. பங்குதாரர்களில் பெரும்பாலோர் ஓட்டாண்டி ஆனார்கள்.

மறுபக்கம் சாலமன் வழக்கு. லண்டனில் காலணி செய்து விற்றவர் ஆரோன் சாலமன். தன் கடையைத் தன் கம்பெனிக்கே விற்றார். மொத்தப் பங்குகள் 20,007. அவருக்கு 20,001, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. ஏழு பேர் ஆயிற்று, சட்டம் நிறைந்தது. விலையின் ஒரு பகுதிக்கு 10,000 பவுண்டு பிணையுள்ள கடன் பத்திரமும் எழுதிக்கொண்டார். கம்பெனி நொடித்தபோது பிணையுள்ள பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு முன்னுரிமை. கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கம்பெனியின் கடனுக்கு அவரையே பொறுப்பாக்கின. அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையோ கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று தீர்த்துவிட்டது. இன்று தனி ஆளின் சிறு கம்பெனி நிற்பது இந்தத் தீர்ப்பின் மேல்தான்.

நஷ்ட அபாயம் இந்த ஏற்பாட்டில் கரைந்து போவதில்லை, கைமாறுகிறது. நிச்சயமான விலைக்கு வாங்கி நிச்சயமில்லாத விலைக்கு விற்பவரே தொழில்முனைவோர் என்றார் 18-ஆம் நூற்றாண்டுப் பொருளியலாளர் ரிச்சர்ட் காண்டில்லன். அபாயம் பணம் போட்டவருடையது, தொழில்முனைவோருடையது அல்ல என்றார் 20-ஆம் நூற்றாண்டுப் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர். லிமிடெட் கம்பெனி இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அபாயத்தைப் பங்கு பிரிக்கிறது. யார் மடியில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதல் ஓட்டை சொந்த ஜாமீன். புதிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி இயக்குநரின் கையெழுத்தைத் தனியாகவும் கேட்கும். போட்டுவிட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை லிமிடெட் என்ற சொல் வெறும் அலங்காரம். போட்டே ஆக வேண்டுமென்றால் ஜாமீன் தொகைக்கு உச்சவரம்பு, முடியும் தேதி, இந்த ஒரு கடனுக்கு மட்டும் என்ற வரி, மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். ‘எல்லாக் கடன்களுக்கும், தொடர்ந்து’ என்று இருந்தால், இயக்குநர் பதவியை விட்ட பிறகும் அந்தக் கையெழுத்து துரத்தும்.

இரண்டாவது, அவசரம். கம்பெனி பதிவாவதற்கு முன்பே அதன் பெயரில் கடை வாடகைக்கோ இயந்திரத்துக்கோ ஒப்பந்தம் போட்டால், கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு. இல்லாத ஆளுக்காக யாரும் கையெழுத்துப் போட முடியாது என்று 1866-லேயே ஆங்கில நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவான பிறகும் கம்பெனியின் முழுப் பெயரையும் ‘இயக்குநர்’ என்ற பதவியையும் எழுதாமல் வெறும் கையெழுத்துப் போடுவது அதே வம்பு.

மூன்றாவது, பணக் கலப்பு. வீட்டுச் செலவு கம்பெனிக் கணக்கில், கம்பெனி வரவு சொந்தக் கணக்கில் என்று ஓடினால், நீதிமன்றம் கம்பெனி என்ற திரையை விலக்கி உரிமையாளரைப் பார்க்க நாமே காரணம் கொடுத்ததாகும். தனி வங்கிக் கணக்கு, இரட்டைப் பதிவில் பேரேடு, உரிமையாளர் எடுத்த ஒவ்வொரு தொகையும் சம்பளமா, கடனா, ஈவுத்தொகையா என்ற குறிப்பு, முக்கிய முடிவுகளுக்குக் கூட்டக் குறிப்பு. சலிப்பான வேலைதான், ஆனால் காப்பு இதில்தான் இருக்கிறது. மீள முடியாது என்று தெரிந்த பிறகும் கடனுக்குச் சரக்கு எடுப்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் இயக்குநரின் சொந்தப் பொறுப்பாக்குகின்றன.

பங்கு வாங்குகிறவர் கவனிக்க: முகமதிப்பு முழுதும் கட்டிய பங்கா? 1866-இல் விழுந்த லண்டன் நிதி நிறுவனம் ஓவரெண்ட் கர்னியின் 50 பவுண்டுப் பங்குகளில் 15 பவுண்டுதான் கட்டப்பட்டிருந்தது. லிமிடெட் என்று நம்பியவர்களிடம் கட்டாத பாக்கிக்கு ஆள் வந்தது.

கூட்டாளிகள் சண்டையிட்டால் கம்பெனிச் சட்டம் அதிகம் உதவாது. அதற்குப் பங்குதாரர் ஒப்பந்தம் தனியாக வேண்டும். இருவர் 50:50 என்று தொடங்கி, ஒருவர் எட்டாம் மாதம் விலகினால் பாதிக் கம்பெனி அவரோடு போகும். நான்கு வருடத்தில் சிறிது சிறிதாகப் பங்கு உரிமையாகும், முதல் வருடம் முடியாமல் போனால் ஒன்றும் கிடையாது என்று எழுதியிருந்தால், எட்டாம் மாதம் போகிறவருக்குப் பூஜ்யம். 18-ஆம் மாதம் போகிறவருக்கு அவர் பங்கில் 48-இல் 18, அதாவது 37.5 விழுக்காடு. வெளி முதலீட்டாளர் வந்தால், ஒப்பந்தத்தில் யாருக்கு முதலில் பணம் என்று சொல்லும் முன்னுரிமை வாசகத்தைப் படியுங்கள். அவர் 100 போட்டு 25 விழுக்காடு எடுத்திருக்க, கம்பெனி 120-க்கு விலைபோனால் அவருக்கு 30 என்று நினைப்பது தப்பு. ஒரு மடங்கு முன்னுரிமை, அதாவது போட்ட தொகை முதலில் திரும்ப வேண்டும் என்று இருந்தால் 100 அவருக்கு. மீதியிலும் பங்கு என்று இருந்தால் 105 அவருக்கு, தொடங்கியவர்களுக்கு 15.

பெரிய குறை ஒன்று பாக்கி. கடன் கொடுக்கும் வங்கி பேரம் பேசலாம். ஆலைக் கழிவால் நோயுற்றவர் பேச முடியாது. சொத்தில்லாத கிளைக் கம்பெனியின் பெயரில் ஆபத்தான வேலையை நடத்தினால் நஷ்டம் அவர் தலையில்தான். டச்சுக் கம்பெனி 1621-இல் ஜாதிக்காய்க்காக இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளின் மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் தீர்த்ததும் இதே ஏற்பாட்டின் லாபக் கணக்கில்தான் ஏறியது. விதிகள் எதற்குப் பரிசு கொடுக்கின்றனவோ அதன் பின்னால் தொழில்முனைவோர் போவார்கள். ஆக்கத்துக்கும் போவார்கள், அழிவுக்கும் போவார்கள் என்று பொருளியலாளர் வில்லியம் பாமல் 1990-இல் எழுதியது இதற்குப் பொருந்தும்.

வெளி முதல், ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டாளி, கடனுக்குச் சரக்கு, வாடிக்கையாளருக்குக் காயம் ஏற்படக்கூடிய வேலை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்கலாம். தனி ஆளாக, ரொக்கத்துக்கு, ஆபத்தில்லாத சேவை செய்கிறவர் ஒரு வருடம் பொறுக்கலாம். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செலவு மிச்சம். திறப்பது சில நாள் வேலை, மூடுவது அப்படியல்ல. கடன்களைத் தீர்த்து, வரிக் கணக்கை முடித்து, வங்கிக் கணக்கைக் கடைசியாக மூடி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். வங்கிக் கணக்கை முதலில் மூடிவிட்டால், திரும்ப வர வேண்டிய வரிப் பணத்தை வாங்க வழியிருக்காது.