சரஸ்வதி மகாலுக்குள் போனால் நிதானமாகப் பாருங்கள்

தஞ்சாவூர் வருகிறவர்கள் பெரிய கோயிலுக்கு அரை நாள் ஒதுக்குகிறார்கள். அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகக் காட்சிக்கூடத்தையோ, போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இது தீராத ஆதங்கம்.

கூடம் சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நிற்க வேண்டும். ஓலைச்சுவடியைக் குனிந்து பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது, எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் பிரெஞ்சு ஓவியர் லெ ப்ரூனின் படங்கள். மனித முகத்தை ஆந்தை, ஒட்டகம், சிங்கம் என்று விலங்கு முகங்களோடு ஒப்பிட்டு வரைந்தவை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் அங்கிருந்து நகரவே மாட்டார்கள்.

நூலகம் நாயக்கர் காலத்தது. அதை இந்த அளவுக்கு வளர்த்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798-இல் பட்டத்துக்கு வந்தார், மறு வருடமே ஆட்சி அதிகாரம் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போய்விட்டது. கோட்டையும் அரண்மனையும்தான் மிச்சம். மனிதர் ஓய்ந்து உட்காரவில்லை. புத்தகம் சேர்த்தார், அச்சகம் வைத்தார், காசி யாத்திரை போன இடத்திலும் சுவடிகள் வாங்கினார்.

நான் கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதனை செய்கிறவன். அதனாலோ என்னவோ, இந்த நூலகத்தின் சேகரிப்பில் என் மனதுக்கு மிக நெருக்கமானவை சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள். நோயாளியின் கண்ணைப் பார்த்து வண்ணத்தில் வரைந்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இருநூறு வருடங்களுக்கு முந்தைய கேஸ் ஷீட்! புரை விழுந்த கண்ணோடு தினமும் எத்தனையோ பேர் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். அதே சங்கடத்தோடு அன்றைக்கு ஒருவர் அரண்மனை வைத்தியரிடம் போயிருக்கிறார், அவரையும் ஒரு ஆளாக மதித்துத் தாளில் பதிந்திருக்கிறார்கள் என்பது என்னை உலுக்குகிறது.

மோடி என்ற பழைய மராட்டி எழுத்து வடிவில் உள்ள தஞ்சை மராட்டிய அரசு ஆவணங்களும் இப்படித்தான். அரண்மனைச் செலவு, சத்திரத்துக் கணக்கு என்று அன்றாடம் நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலரே. ஒரு பகுதி தமிழில் பெயர்க்கப்பட்டு நூலாக வந்துவிட்டது. மீதியைப் படிக்க இளம் பிள்ளைகள் மோடி கற்றுக்கொள்ள வேண்டும், அவசியம் வேண்டும்.

நூலகமே பதிப்பித்த புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள். சித்த வைத்தியத்தில் ஆர்வம் இருந்தால் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ வரிசையைக் கேட்டுப் பாருங்கள். தெம்பு மிச்சமிருந்தால் அதே வளாகத்துக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் என்ற சிவனின் வெண்கலச் சிலையையும் பார்த்துவிடுங்கள். ஆய்வுக்காகச் சுவடியோ ஆவணமோ பார்க்க வேண்டியவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுவிட்டுப் போவது நல்லது.