லாரி டிரைவருக்கு விபத்து இழப்பீடு: டிசிஎல் ஆபீஸா, எம்ஏசிடியா?

வேலையில இருக்கும்போது ரோட்ல அடிபட்டா ரெண்டு வழி இருக்கு. தொழிலாளர் இழப்பீட்டு சட்டப்படி லேபர் டிபார்ட்மென்ட் டெபுடி கமிஷனர்கிட்ட, அதாவது டிசிஎல் ஆபீஸ்ல போடலாம், இல்லனா எம்ஏசிடில, அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு ட்ரிப்யூனல்ல போடலாம். ரெண்டுலயும் வாங்க முடியாது, மோட்டார் வாகன சட்டம் 167வது பிரிவு ஒண்ணைத்தான் எடுத்துக்க சொல்லுது. ஈஎஸ்ஐல இருக்கறவங்களுக்கு டிசிஎல் வழியே கிடையாது.

என் மச்சான் லாரி டிரைவர், நைட்ல இண்டிகேட்டர் போடாம நின்ன வண்டி பின்னாடி மோதி ஒரு கால் போச்சு, நாங்க டிசிஎல் பக்கம் போனோம், இன்னிக்கு கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எம்ஏசிடில தொகை பெருசுங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நிஜ சம்பளம் 25 ஆயிரம்னா அதையே எடுப்பாங்க, எதிர்கால வருமானம்னு மேல சேர்ப்பாங்க, வலி வேதனைக்கும் தனியா உண்டு. டிசிஎல்ல 2020 ஜனவரில இருந்து சம்பள வரம்பே 15,000தான். ஆனா எம்ஏசிடில எதிர் வண்டிக்காரன் தப்புன்னு நிரூபிக்கணும், எங்க கேஸ்ல உன் ஆளும் பாத்து ஓட்டல, பாதி தப்பு அவனுதுன்னு வெட்டிருப்பாங்க. டிசிஎல்ல அந்த பேச்சே வராது.

என்னைப் பொறுத்தவரை முடிவு பண்ண வச்சது லேட் ஆனா என்ன ஆகும்ங்கறதுதான், ஏன்னா லேட் ஆகும், அதுல சந்தேகமே வேணாம். டிசிஎல்ல வயசுக்கு ஏத்த மாதிரி சட்டத்துல ஒரு பெருக்கல் எண் (காரணி) இருக்கு, 35 வயசுக்கு அது 197.06. முழு இயலாமைக்கு சம்பளத்துல 60% எடுப்பாங்க, 15,000ல அது 9,000, பெருக்கினா 17,73,540 ரூபா வருது (கால் போன டிரைவர் இனி வண்டி ஓட்ட முடியாது, அதனால முழு இயலாமைன்னு வாதாடணும், கை போன தச்சருக்கு சுப்ரீம் கோர்ட் 1976லயே அப்படித்தான் சொல்லிருக்கு). அதே தீர்ப்புதான் விபத்து நடந்த அன்னிக்கே பணம் டியூ, கமிஷனர் ஆர்டர் போடற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லன்னும் சொல்லுது. ஒரு மாசம் தாண்டினா 12% தனிவட்டி, அதாவது வருஷத்துக்கு 2,12,000 ரூபாக்கு மேல. எம்ஏசிடில வட்டி எவ்ளோன்னு முடிவு பண்றது ட்ரிப்யூனல் கைல, நம்ம ஊர்ல பெரும்பாலும் 7.5%தான் போடறாங்க, அதுவும் மனு போட்ட தேதில இருந்துதான் ஓடும். ஆஸ்பத்திரில கிடந்த மாசங்களுக்கு வட்டி கிடையாது.

வட்டி போக டிசிஎல்ல பெனால்டியும் இருக்கு. சரியான காரணம் இல்லாம இழுத்தடிச்சா நிலுவைல 50% வரைக்கும், எங்க கணக்குல 8,86,770 வரைக்கும் போடலாம். எம்ஏசிடில இப்படி ஒண்ணு கிடையாது. ஆனா இதை நம்பி கடன் வாங்கிடாதீங்க. முதல்ல ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பி காரணம் கேட்டுட்டுத்தான் போட முடியும். அதுவும் ஓனர் கைக்காசுல இருந்து வரணும், வட்டிய இன்ஷூரன்ஸ் கட்டும், பெனால்டிய கட்டாதுன்னு 1997லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஒத்த லாரி வச்சிருக்கற ஓனர்கிட்ட இருந்து எட்டு லட்சம் எங்க வரும், வருவாய் பாக்கி மாதிரி வசூல் பண்ணலாம்னு சட்டம் இருந்தாலும் விக்க ஏதாவது இருக்கணுமே. ஆனா அந்த நோட்டீஸ் வேற ஒரு வேலை செய்யும். அதுவரைக்கும் ஃபோனே எடுக்காத ஓனர், நோட்டீஸ் போனதும் பாலிசி, லைசென்ஸ் காப்பி எல்லாம் தூக்கிட்டு ஓடி வந்தாரு. இன்ஷூரன்ஸ்காரன் பேப்பர் வரலன்னு சொல்லிட்டு இருந்த சாக்கும் அதோட போச்சு. இது நான் பாத்த ஒரே கேஸ், எல்லா ஓனரும் இப்படி பயப்படுவாங்கன்னு சொல்ல மாட்டேன்.

சம்பளம் நிறைய, முழு தப்பும் எதிர் வண்டி மேல, எஃப்ஐஆரும் க்ளீன்னா எம்ஏசிடியே போங்க, அங்க தொகைல உள்ள வித்தியாசம் வட்டிய முழுங்கிடும். ஆனா 6 மாசத்துக்குள்ள போடணும், டிசிஎல்ல ரெண்டு வருஷம் டைம் இருக்கு. 2025 நவம்பர் 21ல இருந்து பழைய சட்டத்துக்கு பதிலா சமூகப் பாதுகாப்பு தொகுப்பு வந்திருக்கு, அதுலயும் லேட் ஆனா வட்டி, 50% வரைக்கும் பெனால்டி ரெண்டும் இருக்கு. டிசிஎல் பக்கம் போறவங்க மனுவிலேயே வட்டி தனியா, பெனால்டி தனியான்னு கேட்டு எழுதச் சொல்லுங்க, நிறைய வக்கீலுங்க வட்டியோட நிறுத்திடறாங்க.