டஸ்ட், ஆர்த்தடாக்ஸ், கிரீன் டீ: எதை வாங்கலாம்?

குன்னூரில் தேயிலைக் கடைக்குள் நுழைந்தால் எதை எடுப்பது என்றே தெரியாத அளவுக்கு வகைகள் இருக்கும். அத்தனையும் ஒரே செடியின் கொழுந்துதான். பறித்த பிறகு அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதனால் எது உசத்தி என்று கேட்கும் முன், நீங்கள் பால் ஊற்றிக் குடிப்பவரா இல்லையா என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பால் டீக்கு சிடிசி தூள்தான் சரி. வாட்டிய இலையைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை இது. 1930களில் அசாமில் தொடங்கியது. இலை நன்றாக நசுங்குவதால் சாறு வெளியே வந்து காற்றுப் பட்டுச் சீக்கிரம் கறுக்கிறது. கடைசியில் குருணையாகவும் பொடியாகவும் சலித்துப் பிரிப்பார்கள். அந்தப் பொடிதான் டஸ்ட். கொதிநீர் பட்டதும் நிறமும் துவர்ப்பும் மளமளவென்று இறங்கிவிடும். பாலையும் சர்க்கரையையும் மீறி டீயின் ருசி நாக்கில் நிற்க அந்தத் துவர்ப்பு வேண்டும். டஸ்ட் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவது அநியாயம். நல்ல டீக்கடைகளின் ருசியே அதில்தான் இருக்கிறது.

ஆர்த்தடாக்ஸ் வேறு ரகம். இலையை நசுக்காமல் உருட்டி முறுக்குவதால் மணம் தங்குகிறது. நீலகிரியின் உயரமான தோட்டங்களில் டிசம்பர், ஜனவரி பனிக்காலத்தில் கொழுந்து மெதுவாக வளரும். அந்தப் பருவத்து இலைக்கு வாசம் கூடுதல். 150 மில்லி கொதிநீரில் 2 கிராம் போட்டு, மூடி வைத்து, மூன்று நிமிடத்தில் வடிகட்டிப் பாருங்கள். தெளிந்த பொன்னிறச் சாறு, லேசான பூ மணம், அடியில் விரிந்து கிடக்கும் இலை. இதில் போய்ப் பால் ஊற்றினால் கொடுத்த காசு வீண்.

கிரீன் டீயில் இலையைக் கறுக்கவே விடுவதில்லை. பறித்த கையோடு ஆவியிலோ சூடான வாணலியிலோ காட்டி, கறுக்க வைக்கும் நொதியை அடக்கிவிடுகிறார்கள். அதனால் கேட்டகின் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் நிறையத் தங்குகின்றன. கறுப்புத் தேயிலையில் அவற்றில் பெரும்பகுதி தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்று வேறு உருவம் எடுக்கின்றன. அவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. ஆகவே கறுப்பு டீயில் சத்தே இல்லை என்பது தவறு. கிரீன் டீ குடித்தால் தொப்பை கரையும் என்று நம்பியும் வாங்காதீர்கள். ஆய்வுகளில் தெரிந்த எடைக் குறைவு மிகச் சொற்பம். கிரீன் டீ சாற்று மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்டிருக்கிறது. அதன் ருசி பிடித்திருந்தால் தாராளமாகக் குடியுங்கள். கசக்கிறது என்பவர்கள் கொதிநீர் ஊற்றாமல், 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு ஊற்றிப் பார்க்கலாம்.

பாதி கறுக்கவிட்ட ஊலாங், இலை மொட்டையும் இளந்தளிரையும் பறித்துக் காயவைத்த வெள்ளைத் தேயிலை இரண்டும் விலை அதிகம். எப்போதாவது ருசி பார்க்க நன்றாக இருக்கும்.

உடம்பைப் பொறுத்தவரை, எந்த வகை என்பதைவிட எப்போது குடிக்கிறோம் என்பது முக்கியம். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நம் வீட்டுப் பெண்களில் எத்தனையோ பேருக்கு ரத்தசோகை இருக்கும்போது, சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டே ஆக வேண்டும். கஃபீன் கிரீன் டீயிலும் உண்டு. அப்புறம், நாளுக்கு நாலு டீயும் அதில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரையும் என்றால் எந்தத் தேயிலையும் உங்களைக் காப்பாற்றாது.

சில்லறையில் தூள் வாங்குபவர்கள் ஒரு சோதனை செய்யலாம். வடிதாளில் (ஃபில்டர் பேப்பர்) கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பிறகு தூளைக் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூள் கறை விடாது. திட்டுத் திட்டாகச் சாயம் தெரிந்தால் அது கலப்படம். கடையை மாற்றிவிடுங்கள்.